ஹரம் கதை எழுதுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சரித்திரத் தொடர்கதை எழுத முனைபவர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒட்டோமான் பேரரசின் அந்தப்புரமான ஹரமைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பதில்கள் எல்லாம் இஸ்தான்புல்லைச் சுற்றியே.

என் நாவலின் முதல் அத்தியாயத்தில், 1520-இல், பின்னாளில் சுல்தான் சுலைமானின் மனைவியாகும் ஹுர்ரெம், அடிமைப் பெண்ணாகத் தோப்காபி அரண்மனை ஹரமுக்குள் நுழைகிறாள். சரிதானே? – வாசகி, கும்பகோணம்

இடம் தவறு. அந்த ஆண்டில் சுல்தானின் பெண்கள் தோப்காபியில் இல்லை. பயாசித் பகுதியில் இருந்த பழைய அரண்மனையில் இருந்தார்கள். இன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் நிற்பது அந்த இடத்தில்தான். தோப்காபி அரசு நடக்கும் இடம்: திவான் என்னும் அமைச்சர் சபை, கஜானா, அரண்மனைப் பள்ளியில் பயிலும் இளைஞர்கள். சுல்தான் தன் குடும்பத்தைப் பார்க்கப் பழைய அரண்மனைக்குப் போய்வருவார். ஹுர்ரெம்தான் தன் பரிவாரத்தோடு தோப்காபிக்குள் வந்து தங்கிய முதல் பெண். சுற்றுலாப் பயணிகள் இன்று பார்க்கும் சுமார் 300 அறை கொண்ட ஹரம், மூன்றாம் முராத் (1574–1595) காலத்திலும் அதற்குப் பிறகும் வளர்ந்தது. வண்டி வாசல் எனப்படும் அதன் நுழைவாயிலின் ஆண்டே 1588. ஆகவே உங்கள் ஹுர்ரெமை முதல் நாளிலேயே அந்த வாசல் வழியாக நடக்க விடாதீர்கள்.

இதைத் திருத்தினால் கதைக்கு லாபம்தான். ஓர் அரண்மனையிலிருந்து இன்னோர் அரண்மனைக்கு அவள் மாறுவதே ஒரு பெரிய திருப்பம். திவான் நடக்கும் கூரையின் கீழ், சுல்தானின் காதுக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெண் வந்து குடியேறுகிறாள். ஊர் அவளைச் சூனியக்காரி என்று பேசியதற்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம்.

ஹரமில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதை எப்படிக் காட்டுவது? என் கதையில் 'பட்டத்து ராணி' என்று எழுதியிருக்கிறேன். – வாசகர், திருநெல்வேலி

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நம் சரித்திரக் கதைகளில் பட்டமகிஷிக்கு ஓர் ஆசனம் உண்டு. ஒட்டோமான் அரண்மனையில் அப்படி ஒரு பதவியே இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே சுல்தான்கள் முறைப்படி திருமணம் செய்வதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். 1534 வாக்கில் சுலைமான் ஹுர்ரெமை மணந்தபோது ஊரே திகைத்தது அதனால்தான்.

அங்கே படிநிலையைக் காட்டுவது தினப்படி. ஆக்சே என்னும் சிறு வெள்ளிக்காசில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கணக்கேட்டில் எழுதியிருக்கும். ஜாரியே எனப்படும் சாதாரண அடிமைப் பெண்ணுக்குச் சில காசுகள். சுல்தானின் பிரியத்துக்குரியவள் என்பதைக் குறிக்கும் ஹசெகி என்ற பட்டத்தோடு இருந்த ஹுர்ரெமுக்கு 2,000. சுல்தானின் தாய்க்கு 'வாலிதே சுல்தான்' என்று பட்டம்; மூன்றாம் மெஹ்மதின் தாயான வாலிதே சுல்தான் சஃபியேவுக்கு 3,000. சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படையின் தலைவருக்கே 500-தான் என்பதோடு ஒப்பிட்டால் தாயின் எடை புரியும். ஒருத்தி உயர்ந்தாள் என்று வர்ணிப்பதைவிட, மாதக் கணக்கு வாசிக்கப்படும்போது அவள் பெயருக்கு நேரே எண் மாறியிருப்பதைக் காட்டுங்கள்.

இன்னொன்று: எல்லாப் பெண்களும் சுல்தானின் படுக்கைக்காக இருந்தவர்கள் அல்லர். மிகப் பெரும்பாலோர் துணி, குளியலறை, பண்டகசாலை, நோயாளிகள் என்று வேலை பார்த்தவர்கள். அனுபவம் முற்றியவர் கல்ஃபா. ஒரு துறைக்குத் தலைமை தாங்குபவர் உஸ்தா. சில ஆண்டுச் சேவைக்குப் பின் விடுதலை பெற்று, ஓர் அதிகாரிக்கு மனைவியாகி வெளியேறியவர்கள் பலர். பழைய எஜமானியின் தயவை மறக்காத அந்தப் பெண்கள் நகரெங்கும் இருந்தார்கள். வாலிதேயின் கைகள் நீண்டிருந்ததற்கு அதுவும் ஒரு வழி.

சூழ்ச்சிக்குக் காரணம் பொறாமை மட்டும்தானா? வாசகர் நம்பும்படி ஒரு மோதலை எப்படிக் கட்டுவது? – வாசகி, ஈரோடு

பொறாமையில் தொடங்கினால் கதை பத்துப் பக்கத்தில் வற்றிவிடும். விதிகளில் தொடங்குங்கள்.

எஜமானரின் குழந்தையைப் பெற்ற அடிமைப் பெண்ணை விற்க முடியாது; அவர் இறந்ததும் அவள் விடுதலை பெறுவாள். அவள் பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரமானவன், அரியணைக்கும் உரியவன். ஆனால் மூத்தவனுக்கே பட்டம் என்ற உறுதி கிடையாது. வென்றவன் சுல்தான், மற்றவர்கள் உயிரோடு இருப்பதில்லை. 1595-இல் மூன்றாம் மெஹ்மத் பட்டமேறியபோது 19 தம்பிமார் கொல்லப்பட்டார்கள். ஆக, ஒரு தாய் தன் மகனுக்காகச் சூழ்ச்சி செய்யாமல் சும்மா இருப்பதே அவனைச் சாகவிடுவதற்குச் சமம். இதை வாசகர் முதலில் உணர்ந்துவிட்டால் எந்தப் பாத்திரமும் வெறும் வில்லியாகத் தெரியாது.

அடுத்து, ஒரு தாய்க்கு ஒரு மகன் என்ற வழக்கம். மகன் பிறந்ததும் அவள் சுல்தானின் படுக்கைக்குப் போவது நின்றுவிடும். மகன் வளர்ந்து மாகாண ஆட்சிக்குப் போகும்போது தாயும் கூடவே போய் அவன் வீட்டை நடத்துவாள். சுலைமானின் இன்னொரு பெண்ணான மஹிதேவ்ரான் தன் மகன் முஸ்தஃபாவோடு 1533-இல் மனீசாவுக்குப் போனது அப்படித்தான். ஹுர்ரெம் இரண்டையும் உடைத்தாள்: ஐந்து மகன்களைப் பெற்றாள், தலைநகரை விட்டுப் போகவும் இல்லை. ஒரு தாய் தொலைதூர மாகாணத்தில் ஒரே மகனைக் காக்கிறாள். இன்னொருத்தி சுல்தானின் பக்கத்தில் இருந்தபடி பல மகன்களுக்காக யோசிக்கிறாள். அந்த மகன்களுக்குள்ளும் ஒருவன்தான் மிஞ்சுவான் என்பது அவளுக்கும் தெரியும். இதைவிடக் கூர்மையான மோதலை நாம் கற்பனையால் செய்துவிட முடியாது.

நிலப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனீசா தலைநகருக்குப் பக்கம், அமாசியா தூரம். சுல்தான் இறந்த செய்தி யாருக்கு முதலில் எட்டுகிறதோ அவனே முந்துவான். 1541-இல் முஸ்தஃபாவை அமாசியாவுக்கு மாற்றி, அடுத்த ஆண்டு ஹுர்ரெமின் மகன் மெஹ்மதை மனீசாவில் அமர்த்தியதன் பொருள் அன்றைய மக்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கும். 1574-இல் இரண்டாம் செலிம் இறந்தபோது, மனீசாவிலிருந்து முராத் வந்து சேரும்வரை அவர் தாய் நூர்பானு மரணத்தை மறைத்து, உடலைப் பனிக்கட்டியில் வைத்திருந்தார்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். 1603-இல் பட்டமேறிய முதலாம் அகமது தம்பி முஸ்தஃபாவைக் கொல்லவில்லை. அதற்குப் பிறகு இளவரசர்கள் மாகாணத்துக்குப் போவதில்லை. அரண்மனைக்குள் 'கஃபெஸ்', அதாவது கூண்டு, என்று பெயர் பெற்ற அறைகளில் அடைபட்டு வளர்ந்தார்கள். முந்தைய காலக் கதைக்குக் குதிரைப் பாய்ச்சல் பொருந்தும். பிந்தைய காலக் கதைக்குப் பூட்டிய கதவுதான். இரண்டையும் கலக்கும்போதுதான் பல கையெழுத்துப் பிரதிகள் கெட்டுப்போகின்றன.

வெளியே வர முடியாத பெண்கள் வெளியுலகத்தோடு எப்படித் தொடர்பு கொண்டார்கள்? – வாசகர், பெரியகுளம்

மூன்று வழிகள். முதலாவது, மகள்களும் மருமகன்களும். ஹுர்ரெமின் மகள் மிஹ்ரிமா 1539-இல் ருஸ்தெம் பாஷாவை மணந்தாள். ஐந்து ஆண்டில் அவர் தலைமை அமைச்சர். 1553-இல் மஹிதேவ்ரானின் மகன் முஸ்தஃபா தந்தை சுலைமானின் கூடாரத்துக்குள்ளேயே கொல்லப்பட்டபோது படைவீரர்களின் கோபம் ருஸ்தெம் மேல் பாய்ந்து பதவி போனது. இரண்டே ஆண்டில் அது திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது, 'கீரா' எனப்பட்ட யூதப் பெண்கள். நகை, துணி வியாபாரமாக உள்ளே வருவார்கள், கடிதத்தோடு வெளியே போவார்கள். சஃபியேவின் கீராவான எஸ்பெரான்சா மல்கி இங்கிலாந்து அரசி எலிசபெத்துக்கே கடிதம் எழுதியவர். 1600-இல் குதிரைப் படையினர் அவரைக் கொன்றார்கள். இவரைப் போன்ற ஒருவரைக் கதைசொல்லியாக வையுங்கள். உள்ளும் புறமும் ஒரே பார்வையில் வரும்.

மூன்றாவது, கறுப்பு அலிகளின் (ஆண்மை நீக்கப்பட்ட காவலர்களின்) தலைவரான கிஸ்லர் ஆகா. ஹரமின் காவல் இவர்களுடையது. வெள்ளை அலிகள் காத்தது ஆண்கள் பயின்ற மூன்றாம் முற்றத்தை. எழுதுகிறவர்கள் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.

உரையாடலில் எப்படி அழைத்துக்கொள்வது? – வாசகி, காரைக்கால்

பெண்களுக்குச் 'சுல்தான்' பெயருக்குப் பின்னால் வரும்: ஹுர்ரெம் சுல்தான், மிஹ்ரிமா சுல்தான். ஆண்களுக்கு முன்னால்: சுல்தான் சுலைமான். தாய் மகனை 'அர்ஸ்லானிம்', என் சிங்கமே, என்று அழைப்பதுண்டு. நம் வீட்டு அம்மாக்களின் வாயிலும் பொருந்தும் சொல் என்பதால் தமிழிலேயே எழுதலாம். சுல்தானின் முன்னிலையில் கூச்சல் போட்டுச் சண்டையிடும் காட்சி வேண்டாம். அங்கே மௌனமே மரியாதை. வாய் பேசாத பணியாளர்களிடமிருந்து சைகை மொழியையே அரண்மனைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கோசெம் சுல்தான் கொலையை எந்தப் பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்லலாம்? – வாசகர், புதுச்சேரி

மெலெகி என்ற பணிப்பெண். சுல்தான் இறந்தால் அவர் தாய் பழைய அரண்மனைக்குப் போய்விட வேண்டும். 'கண்ணீர் அரண்மனை' என்றே அதற்குப் பெயர் உண்டு. 1648-இல் ஆறு வயதுப் பேரன் நான்காம் மெஹ்மத் பட்டமேறியபோது, பையனின் தாய் துர்ஹான் மிக இளையவர் என்பதால் பாட்டி கோசெமே அங்கே போகாமல் ஆட்சியைக் கையில் வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு அதிகாரம். பேரனை நீக்கி, வேறு தாய்க்குப் பிறந்த இன்னொரு பேரனை அமர்த்தக் கோசெம் திட்டமிட்டார். அதைத் துர்ஹானிடம் சொன்னவள் கோசெமின் பணிப்பெண்ணான இந்த மெலெகி. 1651 செப்டம்பர் 2 இரவு துர்ஹானின் ஆட்கள் கோசெமை நெரித்துக் கொன்றார்கள். மெலெகி ஏன் சொன்னாள் என்பதுதான் உங்கள் நாவல்.

விருந்துக் காட்சியில் என்ன பரிமாறலாம்? – வாசகி, நாகர்கோவில்

பதினாறாம் நூற்றாண்டு என்றால் தக்காளி, உருளைக்கிழங்கு, தேநீர் மூன்றும் கூடாது. காபி 1550-களுக்குப் பிறகு, புகையிலை 1600-ஐ ஒட்டி. ஆட்டிறைச்சி, கோழி, நெய்ச்சோறு, தயிர், பழங்கள் தாராளமாக வரலாம். தரையில் பெரிய வட்டத் தாம்பாளம், சுற்றி உட்கார்ந்து கையாலும் கரண்டியாலும் சாப்பிட வேண்டும்; நாற்காலி மேசை வேண்டாம். கோடைக்காலமானால் பழச்சர்பத் வைத்து, அதைக் குளிரவைக்கப் பூர்சாவுக்கு மேலே உள்ள உலுதா மலையிலிருந்து பனி வந்ததாக எழுதுங்கள். அது உண்மையிலேயே வந்தது.