கொடுத்தும் ஏமாந்தேன், கொடுக்காமலும் தூக்கமில்லை

கேள்வி: அக்கா, மூன்று மாதத்துக்கு முன்பு ரயில் நிலைய வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். பர்ஸ் தொலைந்துவிட்டது, மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பத்து நிமிடத்தில் ரயில் என்றார். கண் கலங்கியிருந்தது. கேட்டதைக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில், அதே கதையை இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ‘ஏமாளி’ என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அதிலிருந்து யார் கை நீட்டினாலும் நிற்பதில்லை. போன வாரம் நடைமேம்பாலப் படியில் ஒரு பெரியவர் ‘தம்பி’ என்று கூப்பிட்டார். பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிவிட்டேன். அந்தக் குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது. யார் உண்மை, யார் பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, பத்தொன்பது வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். ‘டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறையுது’ என்ற குரலைக் கேட்காத நாள் குறைவு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

‘பணமாகக் கொடுக்காதே, பொருளாக வாங்கிக் கொடு. வேண்டாம் என்றால் பொய்’ என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் வரிசையில் ஒரு சின்னப் பெண் ஊருக்குப் போகப் பணம் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஊர் பேரைச் சொல்லும்மா, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்” என்றேன். “வேணாங்க, பணமா குடுங்க” என்றாள். எனக்கு வந்ததே கோபம். “நகரு” என்றேன். அவள் திரும்பிப் போகும்போதுதான் பார்த்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அதையும் மீறிப் பின்பக்கம் கறை தெரிந்தது. அவ்வளவு ஆண்கள் நிற்கும் வரிசையில் அவள் எதைத்தான் சொல்லிக் கேட்பாள்? கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஆளைக் காணோம். பொய் சொன்னாள்தான். தேவை மட்டும் உண்மை.

1973ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார், நடிப்புதான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கல் நெஞ்சம் என்று நாம் நினைப்பது பல நேரம் அவசரம்தான்.

ஏமாற்றுகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். உங்களிடம் அவர் சொன்ன கதையில் முக்கியமானது மகள் அல்ல, அந்தப் ‘பத்து நிமிடம்’. யோசிக்க விடாமல் கேட்கும் பெரிய தொகைக்கு, ‘இப்போது முடியாது’ என்று தயங்காமல் சொல்லுங்கள். போனைத் திறந்து அவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் காட்டும் எதையும் ஸ்கேன் செய்யாதீர்கள்.

சின்னத் தொகை வேறு. போனாலும் வருந்தாத அளவு என்று ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்து, சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கேட்டவருக்கு அதிலிருந்து கொடுங்கள். தீர்ந்துபோனால், “இன்னிக்கு இல்லைங்க” என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். தெருவில் நின்று வழக்கு விசாரிக்க வேண்டாம்.

குடித்துவிடுவாரே என்பார்கள் உங்கள் வீட்டில். கனடாவின் வான்கூவரில் வீடில்லாத 50 பேருக்கு, ஆளுக்கு 7,500 கனடா டாலர் நிபந்தனையில்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் பெறாதவர்களைவிட அவர்கள் குடிக்கோ போதைக்கோ கூடுதலாகச் செலவழிக்கவில்லை என்று 2023ல் முடிவு வந்தது. கடுமையான போதைப் பழக்கம் உள்ளவர்களை இதில் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கை நீட்டுகிறவர் எல்லாம் குடிக்கத்தான் கேட்கிறார் என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் அந்தப் பெரியவர். அவர் உங்களிடம் பணம்தான் கேட்டாரா? நீங்கள் எழுதியதில் ‘தம்பி’ என்று கூப்பிட்டது மட்டும்தான் இருக்கிறது. படியேறக் கை கேட்டிருக்கலாம், வழி கேட்டிருக்கலாம். நாளைக்கு அந்தப் படிக்கட்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.