பிஎச்டிக்காக இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், ஐயா

பிறையிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மகள் கூபாங் கெரியானில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறார், ஜெர்மனியில் பிஎச்டி செய்ய ஆசைப்படுகிறார், ஒரு ஏஜென்ட் 80,000 வெள்ளி ஆகும் என்கிறார், இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுக்க இபிஎஃப் அனுமதிக்கிறது, அது உண்மைதான். ஆனால் இதற்காக எடுக்க வேண்டாம். இந்தத் துறையில் உருப்படியான பிஎச்டி இடம் கிடைத்தால் அவர்கள்தான் உங்கள் மகளுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பார்கள். நீங்கள் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் அது போகக்கூடாத இடம் என்றுதான் நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்கள் 2000-லிருந்து பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் சர்வதேச ஆய்வுப் பள்ளிகளும் சரி, ஹைடல்பர்கில் தலைமையகம் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான இஎம்பிஎல் 1983-லிருந்து நடத்தும் பிஎச்டி திட்டமும் சரி, சேர்கிற ஒவ்வொருவருக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அப்படியானால் அந்த 80,000 எதற்கு? பெரும்பகுதி முடக்கக் கணக்குக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். சொந்தச் செலவில் படிக்கப் போகிறவர்கள் ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோ என்று வைத்தார்கள். சம்பள ஒப்பந்தத்தோடு போகிறவருக்குப் பொதுவாக அந்த ஒப்பந்தமே போதும். மிச்சம் ஏஜென்டின் கூலி. ஆராய்ச்சிப் பள்ளியில் ஏஜென்டால் இடம் வாங்கித் தர முடியாது, விண்ணப்பத்தை மாணவரேதான் போட வேண்டும்.

இன்னொன்று. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் விசா தேவையில்லை, போய் இறங்கிவிட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர் கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் முறையான விசா வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

"இவள் படித்து முடித்தால் கிளினிக் வைக்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இது நோயாளியைப் பார்க்கிற டாக்டர் பட்டம் கிடையாது. பிறகு எதற்கு இந்தப் படிப்பு என்றால், 1998, 1999 நினைவிருக்கிறதா? பேராக்கில் ஆரம்பித்து நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சல் வந்து சாய்ந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது, அதுவும் பன்றியோடு நெருங்கிப் பழகிய பெரியவர்களுக்கே அதிகம் வந்தது. இது வேறு ஏதோ என்று சந்தேகப்பட்டு, நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, மாதிரியை அமெரிக்காவுக்கே கொண்டுபோய்ப் பரிசோதித்தவர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த சுவா காவ் பிங். அதுதான் நிப்பா. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அந்தச் சந்தேகம் எழாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ. உங்கள் மகள் கற்றுக்கொள்ள விரும்புவது இப்படிச் சந்தேகப்படவும், அதை ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கவும்தான். எனக்கு இது பெரிய வேலையாகத்தான் தெரிகிறது ஐயா.

சரி, மகள் இப்போதே விண்ணப்பிக்கலாமா? ஜெர்மனியில் பெரும்பாலான இடங்களில் மாஸ்டர்ஸ் கேட்பார்கள். விதிவிலக்கு உண்டு: கோட்டிங்கனில் மூலக்கூறு உயிரியலுக்கும் நரம்பியலுக்கும் உள்ள திட்டங்களில் டிகிரியோடு சேரலாம், முதல் ஆண்டு கடுமையான பாடங்கள், அதில் நன்றாகச் செய்தால் நேராக பிஎச்டிக்குப் போய்விடலாம். ஜப்பானில் ஒக்கினாவாவில் இருக்கும் ஓஐஎஸ்டி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமும் டிகிரியோடு எடுக்கும், முதல் ஆண்டில் மூன்று ஆய்வுக்கூடங்களில் மாறி மாறி வேலை செய்யவைத்து, அப்புறம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பக்கத்தில் சிங்கப்பூரில் சிங்கா என்ற பிஎச்டி உதவித்தொகை நான்கு ஆண்டுக்குக் கட்டணத்தையும் செலவுப் பணத்தையும் பார்த்துக்கொள்கிறது.

ஆனாலும் என் யோசனை வேறு. ஓராண்டோ இரண்டாண்டோ இங்கேயே, யுஎஸ்எம்மிலோ மலாயாப் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் செய்யட்டும், முடிந்தால் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியில் உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே. காரணம் நேர்முகத்தில் தெரியும். அங்கே மார்க் பட்டியலைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "உன் பிராஜெக்ட்டில் வெஸ்டர்ன் ப்ளாட் செய்தாயே, லோடிங் கன்ட்ரோலாக எதை வைத்தாய்? ஆக்டினா? நீ கொடுத்த மருந்து ஆக்டின் அளவையே மாற்றிவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். (வெஸ்டர்ன் ப்ளாட் என்பது மாதிரியில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. எல்லா மாதிரியையும் ஒரே அளவு போட்டோமா என்று சரிபார்க்க, அளவு மாறாத ஒரு புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதுதான் லோடிங் கன்ட்ரோல்.) இறுதியாண்டுப் பிராஜெக்ட்டில் சீனியர் சொன்னபடி நான்கு மாதம் பிப்பெட் பிடித்தவருக்கு இதற்குப் பதில் வராது. ஒரு வருடம் தானே செல் வளர்த்து, பூஞ்சை பிடித்து எல்லாவற்றையும் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை லேபுக்குப் போய் மீடியம் மாற்றி, ஆர்டர் செய்த ஆன்டிபாடி வரக் காத்திருந்தவர் யோசிக்காமலே பதில் சொல்வார்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். இரண்டு மூன்று பேர் நேரடியாக அனுப்ப வேண்டும். "நல்ல மாணவி, நேரம் தவறாதவர்" என்று டீன் எழுதும் கடிதத்தைவிட, உங்கள் மகளின் சோதனை ஏன் தோற்றது, அதை அவர் எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்த இளம் விரிவுரையாளர் எழுதும் கடிதம் பல மடங்கு பெறும்.

பிஎச்டி மாணவர்களைச் சம்பளத்துக்கு எடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலையமைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வேலைக்கு எடுக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது என்பது விதி, அதாவது இங்கிருந்து போகிறவருக்கு அது சாதகம். காலியிடங்கள் யூராக்ஸஸ் தளத்தில் வரும், அங்கே பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இடம் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது வேலை ஒப்பந்தமா, வெறும் உதவித்தொகையா என்பது. பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியச் சந்தா, வேலையில்லாக் காலக் காப்புறுதி எல்லாம் சேர்ந்தே வரும். மேக்ஸ் பிளாங்க் 2015-ல் உதவித்தொகையை விட்டு ஒப்பந்தத்துக்கு மாறியதற்கு இதுதான் காரணம். கல்யாண வயது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதற்கும் இதுவே பதில்: ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஜெர்மன் சட்டப்படி பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. படிக்கும்போதே கல்யாணம் செய்து குழந்தை பெற்றவர்கள் அங்கே எத்தனையோ பேர். அதற்காக இப்போதே அவசரப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

அடுத்தது மேற்பார்வையாளர். நாட்டின் பெயர், பல்கலைக்கழகத்தின் ரேங்க் எல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த லேபில் முன்பு படித்த இரண்டு பேருக்கு மகள் மின்னஞ்சல் போட்டுக் கேட்கட்டும்: எத்தனை வருடத்தில் முடித்தீர்கள், கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வந்ததா, இப்போது எங்கே இருக்கிறீர்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா. பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். நல்ல ஆய்வுப் பள்ளிகளில் மேற்பார்வையாளரைத் தவிர வேறு பேராசிரியர்களும் உள்ள ஆலோசனைக் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவரோடு உட்காரும். பேராசிரியரோடு ஒத்துப்போகாவிட்டால் போய் நிற்க அந்தக் குழுதான் இருக்கும். ஒத்துப்போகாமல், யாரிடமும் சொல்லாமல், அம்மா அப்பாவுக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

எலிகளைப் பற்றியும் வீட்டில் பேசிவிடுங்கள். பல லேப்களில் எலிக்கு நோய் வரவழைத்து, கடைசியில் அதைக் கொன்று உறுப்புகளை எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் சைவம் என்றீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் தப்பே இல்லை, செல்களோடு மட்டும் அல்லது கணினியில் மரபணுத் தரவுகளோடு மட்டும் வேலை செய்யும் குழுக்கள் நிறைய உண்டு. விண்ணப்பிக்கும் முன்னே தெரிந்துகொண்டால் போதும்.

திரும்பி வந்தால் வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன். பல்கலைக்கழக விரிவுரையாளர் இடத்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் நீண்ட நாள் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் நீங்கள் பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, ஜெர்மனியின் பி. பிரவுன் 1972-லிருந்து அங்கே இருக்கிறது, மற்ற மருத்துவக் கருவி நிறுவனங்களும் இருக்கின்றன. 1900-ல் தொடங்கிய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐஎம்ஆர், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்று வேறு வழிகளும் உண்டு. அரசு வேலை எண்ணம் இருந்தால் அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று சேரும் முன்பே, கல்வித் தகுதிகளைப் பார்க்கும் அரசு அமைப்பான எம்கியூஏவில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் இருந்தால் மேல்படிப்பைக் காட்டி ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம், அதைக் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும்.

ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலையில் அலுவலகத்தில் இருப்பேன், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சான்றிதழ்களோடு அவருடைய லேப் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அதைப் பார்த்தால்தான் எந்த லேபுக்கு எழுதலாம் என்று என்னால் சொல்ல முடியும்.