ஏழு மணி என்றால் ஏழு மணி

அன்புள்ள அக்கா,

எனக்கு 48 வயது. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிக்க 40 மணித்தியாலத் தொண்டு வேலை தேவை. அதில் கொஞ்சத்தை இந்த ஜூலையில் ரொறன்ரோ ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் செய்யப் போகிறாளாம். "நீங்களும் வாங்கோ அம்மா" என்று ஒரே நச்சரிப்பு. ஊரில் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்தவள் நான். இங்கே வந்து இருபத்தைந்து வருடத்தில் ஒரு ஆங்கில நாடகமும் பார்த்ததில்லை. என் ஆங்கிலம் வேலைத்தலத்துக்குப் போதும், நாடகக் கொட்டகைக்குப் போதுமா தெரியாது. அங்கே கண்டபடி தூஷணம் கதைப்பார்கள், உடுப்பில்லாமலும் வந்து நிற்பார்கள் என்று ஒரு சிநேகிதி பயமுறுத்துகிறாள். என் மனுசனோ, "கோப்பை கழுவினாலும் மணித்தியாலத்துக்குக் காசு தருவான், இதென்ன சும்மா வேலை?" என்கிறார். போகலாமா? இன்னொன்று, எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இதே மாதிரி ஒரு தமிழ் நாடக விழா தொடங்கினால் என்ன என்று கதை அடிபடுகிறது. அது சரிவருமா?

ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். மகள் பெயர் கொடுக்கிற அன்றைக்கே உங்கள் பெயரையும் கொடுத்துவிடுங்கள். என்ன வேலை விருப்பம் என்று கேட்டால் கதவடி வேலை என்று சொல்லுங்கள். ரிக்கற் மேசை முதல் வருடத்துக்கு வேண்டாம், கணினியோடு மல்லுக்கட்டவே பொழுது போய்விடும். பியர் ஊற்றுகிற இடத்துக்கு ஒன்ராறியோவில் தனிச் சான்றிதழ் வேண்டும். கதவடியில் நின்றால் இந்த விழா எப்படி ஓடுகிறது என்று வடிவாக விளங்கும், உள்ளே இடமிருந்தால் நாடகமும் பார்க்கலாம்.

நானும் ஏழெட்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் உதறல்தான். வேலை சொல்லித் தந்த பிள்ளைக்கு என் மூத்தவளின் வயதுகூட இராது. என் கையில் ஒரு சின்ன இரும்புக் கருவியைத் தந்தாள், அழுத்த அழுத்த எண் ஏறும். உள்ளே போகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு அழுத்து. இருட்டில் ஆட்களை இருத்த ஒரு கைவிளக்கு. பிறகு சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "இதுதான் கணக்கு. இது ஏழு காட்டினால் கதவைச் சாத்துங்கள். பிறகு பிரதமர் வந்தாலும் விடக் கூடாது" என்றாள்.

பிரதமர் வரவில்லை. ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது, அறுபத்தைந்து வயது, கையில் கடதாசி சுற்றிய பூங்கொத்து, வேர்த்து ஒழுகுகிறது. உள்ளே நடிப்பது அவருடைய மகளாம். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று தரம் சுற்றி வந்தாராம். நானும் தாய்தானே, கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விடவில்லை, தங்கச்சி. "மன்னிக்க வேண்டும், தொடங்கிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். உள்ளே சனம் சிரிக்கும்போதெல்லாம், "இது என் மகள் பேசுகிற இடம், எனக்குப் பாடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணித்தியாலமும் அப்படியே போனது. அடுத்த காட்சிக்கு அரை மணித்தியாலம் முன்னதாக வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

ஏன் இந்தக் கறார் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சினமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் விளங்கியது. ஒரே மண்டபத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு நாடகம். பெரும்பாலானவை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறவை. மேடையை அடுக்கப் பதினைந்து நிமிடம், முடிந்ததும் கட்டிக்கொண்டு வெளிக்கிடப் பதினைந்து நிமிடம். பகல் நாடகம் பத்து நிமிடம் பிந்தினால் கடைசியில் இரவு பதினொரு மணிக்காரரின் தலையில்தான் வந்து விழும். பார்க்க வருகிறவர்களும் ஒரு மண்டபத்தில் இருந்து மற்றதுக்கு ஓடுகிறவர்கள், ஒரே நாளில் நாலு பார்க்கிற பைத்தியங்களும் உண்டு. அதோடு சில மண்டபங்களில் வாசலில் இருந்து கதிரைக்குப் போக மேடையையே குறுக்கறுக்க வேண்டும். ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டு ஏழரைக்கு மங்கள விளக்கு ஏற்றிப் பழகிய எங்களுக்கு இது புதுச் சமயம் மாதிரித்தான்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். கதவடிக்கு வேண்டியது பத்து வசனம்: வரிசை எங்கே தொடங்குகிறது, கழிப்பறை எந்தப் பக்கம், நடுவில் வெளியே வந்தால் திரும்ப விட முடியாது, கைபேசியை நிற்பாட்டுங்கள். இரண்டாம் நாளே பாடமாகிவிடும். நாடகத்துக்குள் பேசுகிற ஆங்கிலம் எனக்கும் எல்லாம் பிடிபடுவதில்லை. ஆனால் ஒரே ஆள் ஒரு கதிரையை வைத்துக்கொண்டு தாயாகவும் மகனாகவும் பக்கத்து வீட்டுக்காரனாகவும் மாறுகிறபோது, பாதி வசனம் தப்பினாலும் கதை தப்பாது. நீங்களும் மேடை ஏறியவர்தானே.

தூஷணம் இருக்கும். சில நாடகத்தில் உடுப்பில்லாமலும் வருவார்கள், உங்கள் சிநேகிதி பொய் சொல்லவில்லை. ஆனால் மறைத்துச் செய்வதில்லை. நிகழ்ச்சி விபரத்தில் நாடகத்தின் பெயருக்குக் கீழே இன்னது இன்னது வரும் என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, எந்த நாடகத்துக்கு உள்ளே இருக்க விருப்பமில்லை என்று பொறுப்பானவரிடம் முதலே சொல்லிவையுங்கள். நான் அந்தப் பட்டியலில் முதலில் தேடுவது துப்பாக்கிச் சத்தம் உண்டா என்பதைத்தான். எங்களில் கனபேருக்கு அது தூஷணத்தைவிடக் கெட்டது.

இதையெல்லாம் ஏன் மேடையேற விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்த விழாவின் சூட்சுமம். 1947இல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா முதல்முறை நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து கிடைத்த இடத்தில் நாடகம் போட்டார்கள். அடுத்த வருடம் ரொபேட் கெம்ப் என்ற நாடகக்காரர் பத்திரிகையில் எழுதும்போது, விழாவின் விளிம்பைச் சுற்றி நடப்பவை என்று அவற்றைக் குறிப்பிட்டார். விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஃப்ரிஞ்ச், அந்தப் பெயர் அப்படி ஒட்டியது. கனடாவில் 1982இல் எட்மன்ரனில் தொடங்கினார்கள், வட அமெரிக்காவுக்கே அதுதான் முதல். ரொறன்ரோவுக்கு 1989இல் வந்தது.

கனடாக்காரர் இதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யார் நாடகம் போடுவது என்று தெரிவுக்குழு வைத்து முடிவு செய்வதில்லை. முந்தி வந்தவருக்கு முந்தி, அல்லது சீட்டுக் குலுக்கல். ரொறன்ரோவில் குலுக்கல்தான். இருபது வருடம் நடித்தவரும் நேற்று எழுதத் தொடங்கிய பிள்ளையும் ஒரே பெட்டிக்குள். ரிக்கற்றின் விலை முழுவதும் நாடகக் குழுவுக்கு. விழா நடத்துகிறவர்கள் தங்கள் செலவுக்கு ஒரு சிறு கட்டணத்தை மேலே சேர்ப்பார்கள், குழுக்களிடம் பதிவுப் பணமும் வாங்குவார்கள். நாடகத்தில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்பதில் அவர்கள் கை வைக்க முடியாது. தூஷணத்தை வெட்டத் தொடங்கினால் அடுத்ததாக என்ன வெட்டுப்படும் என்று ஊரை விட்டு வந்த எங்களுக்கு விளங்கும்.

ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் ஒரு கொரியக் குடும்பத்தின் கதை, 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்', உங்கள் மகள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள். அது 2011இல் இதே விழாவில்தான் முதலில் நாடகமாக வந்தது. சரியாகச் சொன்னால் அது குலுக்கலில் வரவில்லை, விழா நடத்துகிற புதிய நாடகப் போட்டியில் வென்று வந்தது. எழுதியவர் இன்ஸ் சோய். பிறகு பெரிய அரங்குக்குப் போய், 2016இல் தொலைக்காட்சித் தொடரானது. தகப்பன் கடையில் நிற்கிற கதையை எங்கள் ஆட்களில் எத்தனை பேர் எழுதியிருக்க முடியும் என்று அப்போது எனக்கு ஒரு பொறாமை வந்தது உண்மை.

ஆனால் குலுக்கலில் அகப்படுவதெல்லாம் கிம்ஸ் கன்வீனியன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் ஐந்து பார்த்தால் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகும் மனதில் நிற்கும், மூன்று பரவாயில்லை, ஒன்று எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்க்க வைக்கும். கதவடிக்காரருக்கு எழும்பிப் போகவும் வழியில்லை. ஒரு செவ்வாய்க்கிழமைப் பகல், தனி ஆள் நாடகம், என் கருவியில் ஏறிய எண் மூன்று. நான் போய் இருந்தேன், நாலு. அந்தப் பெடியன் நானூறு பேருக்கு நடிக்கிற மாதிரி நடித்தான். நாடகம் அப்படி ஒன்றும் திறமில்லை. முடிந்ததும் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு பயணப்பெட்டிக்குள் அடுக்கி, அதை இழுத்துக்கொண்டு நேரே அடுத்த வரிசையில் நின்றவர்களிடம் போய், தன் நாடகத்துத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுக்கத் தொடங்கினான். வரிசையில் நிற்கும்போது உங்களிடமும் இப்படிப் பத்துப் பேர் நீட்டுவார்கள். வாங்குங்கள், இரண்டு கேள்வி கேளுங்கள்.

மனுசனின் கேள்விக்கு வருகிறேன். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறாரே, அதற்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, காசு நெருக்கடி உள்ள மாதமென்றால் இதற்காகச் சம்பள வேலையை விடாதீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு முறை, ஒவ்வொன்றும் நாலைந்து மணித்தியாலம், அவ்வளவு போதும். வேலை செய்வதற்கு ஈடாக இலவச ரிக்கற் தருவது வழக்கம், எத்தனைக்கு எத்தனை என்பதைப் பதியும்போதே கேளுங்கள்.

இனி உங்கள் சங்கத்து விழா. ஆசை நல்லது. தமிழ் நாடகம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல, மனவெளி கலையாற்றுக் குழு 'அரங்காடல்' என்று நாடக நாள் நடத்தி வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது விளிம்பு விழா மாதிரி ஒன்று. சங்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: தலைவரின் மச்சானுடைய நாடகத்துக்குக் குலுக்கலில் சீட்டு விழாவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒருவரும் வாய் திறக்காவிட்டால், வழக்கமான கலைவிழாவையே நடத்துங்கள், அதில் பிழையில்லை. துணிந்து இறங்குவதென்றால், குலுக்கலை எல்லோருக்கும் முன்னால் குழந்தைப் பிள்ளை ஒன்றின் கையால் எடுப்பியுங்கள். பிரதம விருந்தினர், பொன்னாடை, ஆசியுரை ஒன்றும் வேண்டாம். அவற்றுக்கு நேரம் ஒதுக்கினால் ஒரு நாடகம் குறையும். வாசலில் சேர்ந்த ரிக்கற் காசைக் குழுவின் கையில் அன்றிரவே எண்ணிக் கொடுங்கள். சங்கத்துச் செலவுக்கு வேண்டுமானால் றோல்ஸ், தேத்தண்ணி விற்றுப் பாருங்கள். முதல் வருடம் ஒரு மண்டபம், ஒரு சனி ஞாயிறு, ஆறு நாடகம். மண்டபத்துக்குள் எத்தனை பேரை விடலாம் என்று தீயணைப்புச் சட்டப்படி ஒரு எண் இருக்கும். மாமா மாமி வந்துவிட்டார்கள் என்று அதற்கு மேல் கதிரை போடக் கூடாது. காப்புறுதியையும் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கனடாவில் நாடக விழாவுக்கு ஃப்ரிஞ்ச் என்ற பெயர் அந்த விழாக்களின் கூட்டமைப்புப் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகக் குறி. நோட்டீசில் அதை அடித்துவிட்டுப் பிறகு கடிதம் வாங்காதீர்கள். விளிம்பு என்றே வையுங்கள், வடிவான சொல்.

அதற்கு முன் சங்கத்தில் இருந்து இரண்டு பேரையாவது இந்த ஜூலையில் உங்களோடு கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் போட்டுக் கதைப்பதைவிட அதில் கனக்கப் படிக்கலாம்.

நல்ல சப்பாத்துப் போடுங்கள், நின்ற நிலைதான். சில மண்டபங்களில் குளிரூட்டி பெயருக்குத்தான், விசிறி ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். ஸ்காபரோ ரயில் 2023இல் நின்ற பிறகு கெனடி சுரங்க ரயில் நிலையம் வரைக்கும் பஸ்தானே, வழமையைவிட அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்து வெளிக்கிடுங்கள். பிந்தின இரவு வேலையென்றால் மகளுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தைக் கேட்டு வாங்கினால் திரும்பி வரத் துணை இருக்கும்.

மனுசனுக்கும் ஒரு ரிக்கற் எடுத்துக் கொடுங்கள். நாடகம் ஏழு மணிக்கென்றால் ஆறு மணிக்கென்று சொல்லி வையுங்கள். அவர் பிந்தி வந்து, கதவடியில் நிற்பது நீங்களாக இருந்தால், அந்தக் கதையையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா