சேஸ் நம்பர் ஒத்துப்போகாத கார்: சாவியைக் கையில் வாங்காதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கேரளப் பதிவெண் கொண்ட 2017 மாடல் பி.எம்.டபிள்யூ காரை வண்ணார்பேட்டை புரோக்கர் ஒருவர் மூலம் 16 லட்சத்துக்குப் பேசி, அம்மா நகையை அடகு வைத்து 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு மெக்கானிக்கை வைத்துப் பார்த்தால், முன்கண்ணாடி ஓரத்திலும் கதவு ஸ்டிக்கரிலும் ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரே (வண்டியின் 17 இலக்க அடையாள எண்) இருக்கிறது. பாடியில் அடித்திருக்கும் நம்பரில் மட்டும் கடைசி நான்கு இலக்கம் வேறு. கேட்டதற்கு, "ஆக்சிடென்ட்டில் பாடி மாத்துனது அண்ணாச்சி, பேர் மாத்துனா எல்லாம் சரியாயிரும்" என்றார். எங்கள் ஊர்க்காரர்தான். கோவில் கொடை விழாவில் பத்துப் பேர் முன்னால் என்னைச் சந்தேகப் பிராணி என்று பேசிவிட்டார். மோசடி வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா?

பதில்: கொடையில் பேசிய பேச்சும் நகை அடகும் உங்கள் மனதுக்குப் பெரியவை. வழக்குக்கு அவை ஒன்றும் செய்யாது. சட்டத்தின் கண்ணில் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே விஷயம்: நம்பர் ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, வண்டி இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குபவரைத் தண்டிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. "நம்பக் காரணம்" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். மெக்கானிக் காட்டிய அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு அந்தக் காரணம் இருக்கிறது. நாளைக்கு அந்த மெக்கானிக்கே உங்களுக்கு எதிரான சாட்சி.

எழுத்துப் பிழை என்றால் எனக்குப் பயமில்லை. 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது, ஆர்.சி.யில் ஓ இருந்தால் யாரோ பூஜ்யத்தைத் தவறாக அடித்திருக்கிறார்கள். உங்கள் வண்டி அப்படியல்ல. விபத்தில் நொறுங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்து பயனில்லை, என்று எழுதிவிட்ட காரைச் சிலர் வாங்குவது அதன் ஆர்.சி.க்காக மட்டும்தான். அதே மாடல், அதே நிறத்தில் திருட்டு வண்டி ஒன்று வரும். தகடும் ஸ்டிக்கரும் அதற்கு மாறும். மாற்றச் சிரமமான பாடி நம்பர்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். நிஜமாகவே பாடி மாற்றியிருந்தால் அதற்கு பில்லும் சர்வீஸ் பதிவும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவும் இருக்க வேண்டும். அவற்றைக் கொண்டுவர வேண்டியவர் ஆர்.சி. ஓனர், அதுவும் விற்பதற்கு முன்னால்.

பெயர் மாறினால் சரியாகிவிடும் என்பதை நம்பித்தான் என் கட்சிக்காரர்கள் கெட்டார்கள். பொருள் விற்பனைச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருட்டு வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு அதை உண்டாக்கித் தராது. ஒருவர் எதுவும் தெரியாமல் வாங்கி இரண்டு வருடம் ஓட்டினார். வெளிமாநில போலீஸ் வந்து எடுத்துப் போனது. வழக்கு முடியும் வரை வண்டியை இவரிடம் தரும்படி இடைக்கால ஒப்படைப்புக்கு மனுப் போட்டோம். களவுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி எதிரே நின்றது. வண்டி அவர்களுக்குப் போனது; இவருக்கு மிஞ்சியது ஆள் இல்லாத விலாசத்தின் மேல் ஒரு பண வழக்கு. இன்னொருவர் விஷயம் தெரிந்ததும் பயந்து, நாகர்கோவில் பக்கம் ஒருவருக்குத் தள்ளிவிட்டார். முதலாமவர் சாட்சியாகத் தப்பினார். இவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். பட்டறையில் நம்பரைத் தேய்த்து ஆர்.சி.க்குத் தக்கபடி அடித்துத் தருகிறேன் என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆகவே பேசி முடியுங்கள். வியாபாரம் ரத்து, அட்வான்ஸ் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். இரண்டு லட்சத்தில் ஒன்றே முக்கால் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்; வழக்கென்றால் விட்டுப்போன அந்தக் கால் லட்சத்துக்கு மேல் செலவாகும். பணம் பேங்க் வழியாக வரட்டும். ஆனால் "புகார் கொடுக்க மாட்டேன்" என்றோ "வண்டியில் குறை இல்லை" என்றோ ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள். குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் வாங்குவது தனிக் குற்றமாக முடியும். அந்த நம்பர்களின் போட்டோவுடன் போலீசில் ஒரு தகவல் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். அது புரோக்கரைப் பழிவாங்க அல்ல, உங்களைக் காக்க.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஃபார்ம் 30 விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அதை வைத்து உங்களுக்குத் தெரியாமலே அந்த வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற முயற்சி நடக்கலாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், வண்டியை வாங்கவில்லை, பெயர் மாற்றத்துக்குச் சம்மதம் இல்லை என்று திருநெல்வேலி ஆர்.டி.ஓ.வுக்கும், கேரளாவில் பதிவு செய்த ஆபீசுக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் இந்த வாரமே போய்ச் சேர வேண்டும்.