‘நம்ம கலர்ல போடுங்க’: ஒரு நெல்லை ஓவியரின் பதில்கள்

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் பாளையங்கோட்டையில் வசிக்கும் இளம் ஓவியர். பகலில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை, மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, மிச்ச நேரத்தில் சொந்தப் படங்கள்.

படம் வரைந்து மட்டும் பிழைக்க முடிகிறதா? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

முடியவில்லை. படம் விற்ற காசில் வண்ணமும் தாளும் வாங்கலாம், வாடகை கொடுக்க முடியாது. அதனால் காலையில் கடைக்குப் போய்விடுவேன். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று வருஷம் முழுக்க வேலை வரும், கோவில் கொடைத் திருவிழா நடக்கிற மாதங்களில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. இந்த வேலையை நான் குறைவாக நினைப்பதில்லை. இறந்துபோன பெரியவருடைய படம் என்று ரேஷன் கார்டில் தபால்தலை அளவுக்கு ஒன்றுதான் இருக்கும், அதைப் பெரிதாக்கி முகம் கெடாமல் கொண்டுவர வேண்டும், பக்கத்திலேயே மகள் நின்றுகொண்டு ‘அப்பாவுக்கு நெத்தி இன்னும் கொஞ்சம் அகலம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். முகம் வரைய நான் கற்றுக்கொண்டது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான். இரவு சாப்பாடு முடிந்த பிறகு சொந்தப் படம். ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து கோட்டுப்படம் போடுவேன், அந்த நேரத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

யாருடைய ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தீர்கள்?
- வாசகர், சங்கரன்கோவில்

காலண்டர் சாமி படங்கள். எங்கள் ஆச்சி பழைய காலண்டரைத் தூக்கிப் போட மாட்டாள், தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சுவரில் ஒட்டிவிடுவாள். அந்தப் பாணிக்குப் பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜு என்று ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கி, ஒரு சீடர் கூட்டத்தையே உருவாக்கியவர். கோவில்பட்டி 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். கலைக்கூடத்துக்குள் கால் வைக்காத கோடிப் பேர் வீட்டுக்குள் அவருடைய கோடு போயிருக்கிறது. அதைவிடப் பெரிய கண்காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஏம்மா, படம் வரைகிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு? உன் படங்களில் சாதியைப் பற்றியே வருகிறதே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், களக்காடு

ஐயா, நான் அதைத் தேடிப் போகவில்லை, கடையில் உட்கார்ந்தால் அதுவே வருகிறது. கொடைக்கு பேனர் அடிக்க வருகிற அண்ணாச்சிமார் பலர் வாயில் முதலில் வருவது ‘நம்ம கலர்ல போடுங்க’ என்பதுதான். எது நம்ம கலர் என்று திருப்பிக் கேட்கவே வேண்டாம், ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் போதும். மின்கம்பம், பாலத்துக் கைப்பிடிச் சுவர், பஸ் ஸ்டாப் என்று பல ஊர்களில் பட்டை பட்டையாக அடித்து வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் பெயின்ட். நமக்கு அது எல்லைக்கல். அதே நிறம்தான் கயிறாகிப் பையன்கள் மணிக்கட்டு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனது. எந்த நிறம் யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அந்தக் கணக்கை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்று சொன்னது. சரி, கயிற்றைப் பள்ளி வாசலில் கழற்றிவிடலாம். அந்தப் பையன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நிற்கிற கம்பங்களை யார் துடைப்பது? 1997-இல் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரை அரசு எடுத்தது, நம் மாவட்டம் மறுபடி வெறும் திருநெல்வேலி ஆனதும் அப்போதுதான். பெயரை அரசாணையால் எடுத்தார்கள். நிறம் இன்னும் நிற்கிறது, ஏனென்றால் அதை அடித்தது அரசு இல்லை, நாம்.

என் வகுப்பில் ஒரு சின்னப் பையன் ஒரு கிரேயானைத் தொடவே மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டேன். ‘அது அவங்க கலரு அக்கா’ என்றான். வண்ணம் என் தொழில், ஐயா. ஒரு குழந்தை அதில் ஒன்றைத் தொடப் பயப்படுகிறது என்றால் நான் எதைப் பற்றி வரைவது? சாதிச் சங்க பேனர்களை நான் செய்வதில்லை, வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் பேசிக்கொண்டது அது. வகுப்பில் கிரேயான் பெட்டிகளை எல்லாம் ஒரே தட்டில் கொட்டிவிடுவேன், கண்ணை மூடி எடுக்க வேண்டும், கையில் வந்த நிறத்தில்தான் அன்றைய படம். அந்தப் பையன் இப்போது அந்த நிறத்தில் யானை வரைகிறான்.

எந்தக் கட்சி?
- வாசகர், கடையநல்லூர்

எந்தக் கட்சியிலும் இல்லை, ஓட்டுப் போடுவேன். ஆற்றைப் பற்றியும் கம்பங்களைப் பற்றியும் வேட்பாளரிடம் கேட்பேன், பதில் சொல்கிறவர்களைக் கவனிப்பேன்.

பெரிய கனவு என்று ஏதாவது இருக்கிறதா?
- வாசகி, வீரவநல்லூர்

இருக்கிறது. அதற்குத் திருப்புடைமருதூரில் இருந்து தொடங்க வேண்டும். நாறும்பூநாதர் கோவில் ராஜகோபுரத்துக்குள்ளே நிலைக்கு நிலை ஏறிப் பார்த்தால் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன, அனுமதி வாங்கித்தான் ஏற முடியும். புராணக் கதைகள் இருக்கின்றன, யானையும் குதிரையுமாகப் போர்க்களம் இருக்கிறது, குதிரைகளை ஏற்றி வரும் கப்பலும் இருக்கிறது. சாமி இருக்கிற இடத்திலேயே வியாபாரியும் சிப்பாயும் இருக்கிறார்கள். காவி, மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களை வைத்தே ஒரு உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள், அதில் எதுவும் யாருடைய தெருவுக்கும் சொந்தமானது இல்லை.

அதே மாதிரி வரிசை வரிசையாக, தாமிரபரணியைப் பொதிகையில் இருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஒரே நீளச் சுவரில் வரைய வேண்டும். பாபநாசத்தில் குளிப்பவர்கள், பத்தமடையில் ஆற்றில் கோரை ஊறவைத்துப் பாய் நெய்கிறவர்கள், 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம், 2023 டிசம்பர் வெள்ளம், எல்லாம் வர வேண்டும். கொக்கிரகுளம் வரும்போது 1999 ஜூலை 23 வர வேண்டும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தி அவர்களை ஆற்றுக்குள் விரட்டியது, ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். பக்கத்தில் இருக்கிற அந்தச் சுலோச்சன முதலியார் பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போகிறோம். அந்த இடத்தில் நிறங்களைக் குறைத்துவிடுவேன், கரியும் சுண்ணாம்பும் போதும். சுவர் கொடுக்க இன்னும் யாரும் முன்வரவில்லை. அதற்கான கோட்டுப்படங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

ஏஐ படம் போடுகிறதே, உங்கள் வேலை போய்விடாதா?
- வாசகர், வள்ளியூர்

கடை வேலையில் கொஞ்சம் போகும், இப்போதே போகிறது. ஃபிளெக்ஸ் வந்து சுவரில் எழுதுகிற ஆர்டிஸ்ட்களின் பிழைப்பை எடுத்ததைப் பார்த்த ஊர் இது, அவர்களில் பலர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போனார்கள். எனக்கு அந்தக் கவலை உண்டு. அதனால்தான் கையால் சுவரில் எழுதும் பழைய ஆட்களைத் தேடிப்போய் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நான் பத்தாம் வகுப்பு. ஓவியம் படிக்க ஆசை. வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.
- மாணவி, முக்கூடல்

தங்கச்சி, முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடி. அப்புறம் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, அரசுக் கல்லூரி என்று சொன்னால் வீட்டில் பாதிப் பயம் குறையும். இப்போதிருந்தே கை, கால், பாத்திரம், மாடு என்று கண்ணில் படுவதை எல்லாம் பென்சிலால் வரைந்து தேதி போட்டு வை, நாளைக்குக் காட்டுவதற்கு அதுதான் ஆகும். உன் அம்மாவிடம் பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் பத்திரிகை அலுவலகத்தில் என் எண்ணை வாங்கிக்கொள். சனிக்கிழமை மாலை வகுப்பு இருக்கும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.