கேள்வி பதில்: காசு கொடுத்து வாங்கிய ராலி கார் எப்படி ஜெயிக்கிறது?

ராலி2 கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இன்ஜின், ஒரே எடை, ஒரே ரெஸ்ட்ரிக்டர் என்கிறார்கள். அப்புறம் கம்பெனிக்காரர்கள் எதைத்தான் மேம்படுத்துகிறார்கள்?
– பாலிடெக்னிக் மாணவர், மண்டபம்

தம்பி, ராலி2 என்பது கம்பெனிகள் செய்து டீம்களுக்கு விற்கிற, உலக ராலியில் உச்சப் பிரிவுக்கு அடுத்த படியில் ஓடுகிற கார். பவரை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், டர்போவுக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்டர் என்கிற 32 மில்லிமீட்டர் துளை. இன்ஜின் குடிக்கிற காற்று மொத்தமும் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும், அங்கே காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக நுழையாது, அதனால் யார் செய்த இன்ஜினாக இருந்தாலும் 290 குதிரைசக்திக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். எடை 1,230 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. கியர் ஐந்துதான். டிஃபரன்ஷியல் என்பது வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரத் தொகுதி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் அது கிடையாது.

மிச்சம் இருப்பதில்தான் போட்டி. இன்ஜின் உச்சத்தில் எவ்வளவு தருகிறது என்பதைவிட, வளைவிலிருந்து வெளியே வரும்போது, ஆர்பிஎம் இறங்கிக் கிடக்கிற அந்த நொடியில் எவ்வளவு சீக்கிரம் இழுக்கிறது என்பது முக்கியம். பாம்பனில் ஒரே குதிரைசக்தி இன்ஜின் மாட்டிய இரண்டு நாட்டுப்படகு சேர்ந்து கிளம்பினாலும் சேர்ந்து கரைக்கு வருவதில்லையே, அப்படித்தான் இதுவும்.

டிஃபரன்ஷியலை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் மெக்கானிக்கல். உள்ளே வரிசையாகத் தகடுகள், அவற்றை அழுத்துகிற சாய்வான ரேம்ப்புகள். அந்தச் சாய்வின் கோணத்தை மாற்றினால் இரண்டு சக்கரமும் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து சுற்றும் என்பது மாறிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கோணம், காலை எடுக்கும்போது வேறு கோணம் என்றும் வைக்கலாம். தார் ரோட்டுக்கு ஒரு செட்டிங், சரளைக்கு ஒன்று. இதையும் டாம்பரையும் (குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர்) டயரையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டால், அதே 290 குதிரைசக்தி காரில் டிரைவர் பயமில்லாமல் மிதிப்பார், நேரம் தானாகக் குறையும். பணக்கார டீமோ ஏழை டீமோ, இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. உலக மோட்டார்ஸ்போர்ட் அமைப்பான எஃப்ஐஏ ஒருமுறை ஹோமோலொகேஷன், அதாவது ‘இந்த கார் விதிப்படி இருக்கிறது’ என்ற அங்கீகாரம், கொடுத்துவிட்டால் கம்பெனி இஷ்டத்துக்குப் பாகங்களை மாற்ற முடியாது. ஜோக்கர் என்று சொல்லி, எண்ணிக்கை வைத்துத்தான் மாற்ற விடுகிறார்கள். ஸ்கோடா ஃபேபியா ஆர்5 (ராலி2-வுக்கு அப்போது ஆர்5 என்று பெயர்) 2015-ல் வந்தது, 2019-ல் அதன் மேம்பட்ட வடிவமான இவோ, 2022-ல் புது உடம்போடு ஃபேபியா ஆர்எஸ் ராலி2. பாய்ச்சல் எதுவும் இல்லை, அடுக்கடுக்கான திருத்தம்தான். வாங்கியவருக்கும் இது நல்லது, போன வருஷம் வாங்கிய கார் இந்த வருஷம் குப்பையாகிவிடாது.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிவிட்டேன், கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. பழைய ஆர்5 கார் ஒன்றை வாங்கி ஓட்டினால் தாக்குப்பிடிக்குமா?
– வாசகர், கீழக்கரை

தாக்குப்பிடிக்கும், ஆனால் காரின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் அண்ணே. 2013-ல் ஆர்5 பிரிவைக் கொண்டுவந்தபோது காருக்கு வைத்த உச்சவிலை 1,80,000 யூரோ, இன்று புது ராலி2 அதைவிட நன்றாகவே கூடிவிட்டது, பழையது மலிவாகத்தான் தெரியும். கையைக் கடிப்பது ஓட்டுகிற செலவு. கியர்பாக்ஸ் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு பிரிக்க வேண்டும், டர்போவும் டிரைவ்ஷாஃப்டும் இத்தனைக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் எழுதி வைத்திருப்பார்கள். விற்கிறவரிடம் முதலில் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள், தரத் தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கம்பெனி இன்னும் களத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ ஆர்5 அருமையான கார், 2018-ல் வந்தது. 2020 கடைசியில் அவர்கள் மோட்டார்ஸ்போர்ட் கடையையே மூடப்போவதாக அறிவித்தார்கள், காரின் தயாரிப்பும் அத்தோடு நின்றது. அந்தக் காரை வைத்திருப்பவருக்குப் புது மேம்பாடு வரப்போவதில்லை. முதல் கார் என்றால் ராலி2-க்கு ஒரு படி கீழே இருக்கிற ராலி3 பக்கம் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் நான்கு சக்கர டிரைவ்தான், செலவும் குறைவு, கற்றுக்கொள்ள அது போதும்.

ஸ்கோடாவா, டொயோட்டாவா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், தொண்டி

இன்றைய தேதியில் டொயோட்டா. ஜிஆர் யாரிஸ் ராலி2 2024 ஜனவரியில் மான்டே கார்லோவில்தான் அறிமுகம், அந்த வருஷமே சாமி பயாரி அதில் டபிள்யூஆர்சி2 (உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ராலி2 கார்களுக்கான பிரிவு) பட்டம் எடுத்தார், 2025-ல் ஆலிவர் சோல்பெர்க் எடுத்தார். அதே 2025-ல் சோல்பெர்க்குக்கு எஸ்தோனியாவில் ஒரே ஒருமுறை உச்சப் பிரிவான ராலி1 கார் கொடுத்தார்கள், போய் ராலியையே ஜெயித்துவிட்டு வந்தார். கஸ்டமர் காரில், அதாவது காசு கொடுத்து வாங்குகிற ராலி2 மாதிரிக் காரில், ஓட்டுகிறவர்களை இரண்டாம் தரம் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா? சரி, ஸ்கோடாவை விட்டுவிடாதீர்கள். உலகம் முழுக்க உள்ளூர் ராலிகளில் அந்த கார்தான் அதிகம் கண்ணில் படுகிறது, ஸ்பேரும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் சுலபமாகக் கிடைப்பதுதான் காரணம்.

நம் சென்னை டயர் ஐரோப்பாவில் ஜெயித்தது நிஜமா?
– பள்ளி ஆசிரியை, பரமக்குடி

நிஜம்தான். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் எஃப்ரென் யரேனா, ஸ்கோடா ஃபேபியா ராலி2 இவோவில், எம்ஆர்எஃப் டயரில் ஓட்டித்தான் பட்டம் வாங்கினார். கார் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும் பிரிவில் டயர் கம்பெனிக்கு இது பெரிய பரீட்சை, இதில் தேறியதை நாம் இன்னும் சத்தமாகவே சொல்லலாம்.

தனுஷ்கோடி ரோடு நேராக, அழகாக இருக்கிறது. அங்கே ஒரு ராலி வைத்தால் என்ன?
– வாசகர், ராமேஸ்வரம்

வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் கடல், பகல் முழுக்க சுற்றுலா வண்டிகள், மன்னார் வளைகுடா வேறு பாதுகாக்கப்பட்ட பகுதி. தவிர நேர் ரோட்டில் கார் என்ன வேகம் போகும் என்பது மட்டும்தான் தெரியும், மேலே சொன்ன டிஃபரன்ஷியல், டாம்பர் வேலை எதுவும் தெரியாது. அதற்குக் கடலாடி, சாயல்குடிப் பக்கம் கண்மாய்க் கரையை ஒட்டி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே வளைந்து போகிற மண் பாதை மாதிரி வேண்டும். ஊராரும் அதிகாரிகளும் ஒத்துக்கொண்டு அங்கே சின்னதாக ஒரு போட்டி நடந்தால் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

நம் கடற்கரையில் கார் வைத்திருப்பவர் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் நின்ற காரின் வயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், செம்பு முனையில் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சையால் ஒரு சென்சார் தப்பாகப் படித்தாலே இன்ஜின் பவரைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டேஜ் (ராலியில் நேரம் கணக்கிடுகிற பாதை) போய்விடும். காரை நல்ல தண்ணீரில் கழுவி, கனெக்டர்களைத் திறந்து துடைத்து, கிரீஸ் வைத்து மூடுங்கள். ஓட்ட ஆசை இருந்தால் இந்திய மோட்டார்ஸ்போர்ட் அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தருகிற லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு முன்னால் கோவை ராலிக்கு ஒருமுறை போய், ஸ்டேஜை விட்டுவிட்டு சர்வீஸ் பார்க்கில் நின்று, மெக்கானிக்குகள் எதை முதலில் கழற்றுகிறார்கள் என்று பாருங்கள்.