வெள்ளிக்கிழமையோடு மறந்துபோகும் சொற்கள்

வணக்கம். உங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் வாரம் பத்து ஆங்கிலச் சொற்களை ஐந்தைந்து முறை எழுதி, வெள்ளிக்கிழமைத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றும் அடுத்த மாதமே மறந்துவிடுவதாகவும், ஆய்வுகள் இதற்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஓர் ஆய்வு நேரடியாகவே உதவும். உளவியலாளர்களான கார்பிக்கியும் ரோடிகரும் 2008இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலி (கிழக்கு ஆப்பிரிக்க மொழி) சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றனர். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் மீண்டும் மீண்டும் கேட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சரியாகச் சொன்னதும் சோதனை நிறுத்தப்பட்டவர்களோ, தொடர்ந்து படித்தபோதும், 40 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

உங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமையோடு சொல் ஓய்வு பெற்றுவிடுகிறது, சிக்கல் அங்கேதான். வருகைப்பதிவு முடிந்த கையோடு, சென்ற வாரச் சொற்களில் மூன்றையும் சென்ற மாதச் சொற்களில் இரண்டையும் தமிழில் சொல்லி, புத்தகத்தை மூடிவைத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். விடையை உடனே கரும்பலகையில் எழுதிவிட்டால் அவரவரே திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண் மட்டும் வேண்டாம் (மதிப்பெண் என்றதும் பார்வை பக்கத்து நோட்டுக்குப் போய்விடும்).

அந்த ஆய்வு பெரியவர்களிடம் தனிச் சொற்களை வைத்து நடந்தது என்பதால் அதே எண்களை எதிர்பார்க்காமல், முதலில் ஒரு பிரிவில் மட்டும் ஆறு வாரம் செய்து, மற்றப் பிரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.